பிளாட்டினத்தின் மேல் வினைவகை: அளப்பதும் படிப்பதும்

பிளஸ் டூ வேதியியலில் வினைவகை என்றால் வேக விதியில் செறிவின் தலையில் இருக்கும் அடுக்கு. பூஜ்யம், ஒன்று, இரண்டு என்றுதான் அங்கே பார்த்திருப்போம். உலோக வினையூக்கியை வைத்து முதன்முறை அளப்பவருக்கு −1, 0.5, −0.3 என்றெல்லாம் விடை வரும். உடனே கருவியைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. உலோகப் பரப்பில் நடக்கும் வினையின் வினைவகை, அந்தப் பரப்பில் இப்போது யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. சமன்பாட்டில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதற்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை.

எடுத்துக்காட்டாகப் பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகும் வினையையே கட்டுரை முழுக்க வைத்துக்கொள்கிறேன். 1922-இல் இர்விங் லாங்மியூர் அலசிய வினை இது. பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் இன்றும் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கிறது. பரப்பு வினைவேகவியலின் எல்லாக் குறும்புகளும் இதில் உண்டு என்பதால் பழகுவதற்கு நல்லது.

அளப்பதற்கு முன் கொஞ்சம் கணக்கு

நான்கு நாற்காலிகள் உள்ள முடிதிருத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளே இல்லாத செவ்வாய்க்கிழமையில் வாடிக்கையாளர் இரு மடங்கானால் வேலையும் இரு மடங்காகும். ஞாயிறு காலையில் நான்கு நாற்காலியும் நிரம்பிவிட்டால், வாசலில் பத்துப் பேர் நின்றாலும் ஐம்பது பேர் நின்றாலும் மணிக்கு வெட்டும் தலைகளின் எண்ணிக்கை மாறாது. முன்னது முதல் வகை, பின்னது பூஜ்ய வகை. கடை ஒன்றுதான், கூட்டம்தான் வேறு.

லாங்மியூரின் சமவெப்பக் கோடு சொல்வதும் இதுவே. பரப்பில் நிரம்பிய இடங்களின் பின்னத்தை ‘நிரம்பல்’ என்போம். கவர்தல் மாறிலியை (வாயு பரப்பில் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதன் அளவு) அழுத்தத்தால் பெருக்கி, வரும் எண்ணை அதே எண்ணோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் நிரம்பல் கிடைக்கும். ஒரே ஒரு பொருள் பரப்பில் ஒட்டி, ஒட்டிய நிலையிலேயே சிதைகிறது என்றால் வேகம் நிரம்பலுக்கு நேர்விகிதம். இதை மடக்கை எடுத்து வகையிட்டுப் பார்த்தால் அழகான ஒரு முடிவு வரும்:

வினைவகை = 1 − நிரம்பல்

பரப்பு காலியாக இருந்தால் 1, நிறைந்திருந்தால் 0, பாதி நிரம்பியிருந்தால் 0.5. பின்ன வினைவகையில் மர்மம் எதுவும் இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு பொருள்கள் ஒரே வகை இடங்களுக்குப் போட்டியிட்டு, அருகருகே ஒட்டியபின் வினைபுரிவதை லாங்மியூர்–ஹின்ஷெல்வுட் வழிமுறை என்கிறோம். இரண்டும் மூலக்கூறாகவே ஒட்டினால், அவற்றுள் எந்தப் பொருளைப் பொறுத்தும்:

வினைவகை = 1 − 2 × அந்தப் பொருளின் நிரம்பல்

எதிர்க்குறி எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை இந்த ‘2’. மோனாக்சைடு பிளாட்டினத்தை ஏறக்குறைய முழுவதும் மூடிவிட்டால் அதன் நிரம்பல் 1, வினைவகை −1. அதாவது மோனாக்சைடை இரு மடங்காக்கினால் வேகம் பாதியாகும். வினைபடுபொருளே நஞ்சாகவும் வேலை செய்கிறது. நிரம்பல் சரியாகப் பாதியானால் வினைவகை பூஜ்யம். வேகம் உச்சத்தில் இருக்கும் இடமும் அதுதான்.

மூலக்கூறு இரண்டாகப் பிளந்து ஒட்டினால் (ஹைட்ரஜன், பல உலோகங்களில் ஆக்சிஜன்) அழுத்தத்தின் வர்க்கமூலம் சமன்பாட்டுக்குள் வரும். வினைவகையில் 0.5 தென்பட்டால் பாதி நிரம்பல் ஒரு சாத்தியம், பிளவு இன்னொரு சாத்தியம். எது என்பதை அந்த ஓர் எண் சொல்லாது.

பழைய பாடப்புத்தக எடுத்துக்காட்டு ஒன்று இங்கே பொருந்தும். சூடான டங்ஸ்டன் கம்பியில் அம்மோனியா சிதைவது பூஜ்ய வகை. பிளாட்டினத்தில் அதே சிதைவு அம்மோனியாவுக்கு நேர்விகிதத்திலும் ஹைட்ரஜனுக்கு எதிர்விகிதத்திலும் போகிறது. வினை ஒன்றே, உலோகம் மாறியதும் வேக விதி மாறிவிட்டது. ஆகவே “அம்மோனியா சிதைவின் வினைவகை என்ன?” என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எந்த உலோகம், எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

படி 1: வாயுவும் பாதுகாப்பும்

மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகைக்கூண்டும் வேலை செய்யும் மோனாக்சைடு அலாரமும் இல்லாமல் சிலிண்டரைத் திறக்காதீர்கள். காற்றில் 12.5 முதல் 74 சதவீதம் வரை அது தீப்பற்றும். வினைக்கலத்துக்குள் போகும் கலவையை இந்த எல்லைக்குக் கீழேயே வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: எஃகு சிலிண்டரில் நாள்பட இருக்கும் மோனாக்சைடு, இரும்போடு சேர்ந்து சிறிதளவு இரும்பு கார்போனைலை உண்டாக்கும். அது வினையூக்கிக்கு வந்து சிதைந்து, பிளாட்டினத்தின் மேல் இரும்பைப் படியவிடும். சிலிண்டருக்கும், வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃப்ளோ கன்ட்ரோலருக்கும் நடுவே சூடாக்கிய அலுமினாக் குழாய் ஒன்றை வைத்தால் கார்போனைல் அங்கேயே சிதைந்து தங்கிவிடும். வாரத்துக்கு வாரம் வேகம் காரணமில்லாமல் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

படி 2: வினையூக்கியை அடக்கிவைத்தல்

புதிதாக ஒடுக்கப்பட்ட பிளாட்டினம் முதல் சில மணி நேரம் நிலையாக இருக்காது. வினைக்கலவையை ஓட்டி, ஒரே நிலைமையில் வேகம் மாறாமல் நிற்கும்வரை காத்திருங்கள். அதன்பின் ஒரு ‘அடிப்படை நிலைமை’யைத் தேர்ந்துகொள்ளுங்கள்: 150 °செ, மோனாக்சைடு 1 கிலோபாஸ்கல், ஆக்சிஜன் 4 கிலோபாஸ்கல், மீதி நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இரண்டு மூன்று அளவீட்டுக்கும் ஒருமுறை இதே நிலைமைக்குத் திரும்பி வந்து பார்க்க வேண்டும். வினையூக்கி சோர்ந்துகொண்டே போனால், அழுத்தத்தை ஏறுவரிசையில் மாற்றியவருக்கு அந்தச் சோர்வும் எதிர்க்குறி வினைவகை போலவே தெரியும். அழுத்தங்களைக் குலுக்கிப்போட்டு அளந்தால் இந்தப் பொறியில் விழமாட்டீர்கள்.

படி 3: கொஞ்சமாக மட்டும் வினைபுரிய விடுங்கள்

வினையூக்கித் தூள் நிரப்பிய படுகையின் நுழைவாயிலில் இருக்கும் அழுத்தமும் வெளிவாயிலில் இருக்கும் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் “இந்த அழுத்தத்தில் இந்த வேகம்” என்று சொல்ல முடியும். மாற்றம் (உள்ளே போகும் மோனாக்சைடில் வினைபுரியும் பங்கு) 10 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது வழக்கமான விதி. இந்த வினைக்கு நான் அதை ஏற்கமாட்டேன். காரணம் வெப்பம்.

ஒரு மோல் மோனாக்சைடு எரிந்தால் 283 கிலோஜூல் வெளிவருகிறது. வெப்பம் வெளியே போகாவிட்டால், வாயுவில் ஒரு சதவீத மோனாக்சைடு முழுவதும் எரிவதற்கு வெப்பநிலை ஏறக்குறைய 90–100 பாகை உயரும். 1 கிலோபாஸ்கலில் 10 சதவீத மாற்றம் என்பது 10 பாகை. கிளர்வு ஆற்றல் மோலுக்கு 100 கிலோஜூல் என்றால் 150 °செ அருகே ஒரு பாகை ஏறினாலே வேகம் ஏழு சதவீதம் கூடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள், அளந்த வினைவகையில் பாதி வெப்பநிலைப் பிழையாக இருக்கக்கூடும். மாற்றத்தை 3 சதவீதத்துக்குள் வைத்து, வினையூக்கித் தூளை அதைப்போல் பல மடங்கு குவார்ட்ஸ் அல்லது சிலிக்கான் கார்பைடு தூளோடு கலந்து, வெப்ப இணையை (தெர்மோகப்பிள்) படுகைக்குள்ளேயே செருகுங்கள். உலையின் திரையில் தெரியும் எண் உலையின் வெப்பநிலை. வினையூக்கியுடையது வேறாக இருக்கலாம்.

மாற்றம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது வேகத்தை மோனாக்சைடு குறைந்ததிலிருந்து கணக்கிடக் கூடாது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பிடிக்கும் வேலை அது, பிழைதான் மிஞ்சும். உண்டான கார்பன் டைஆக்சைடை அளங்கள். முதல் புள்ளியில் 300 பி.பி.எம். வந்தால், மோனாக்சைடு எட்டு மடங்கான புள்ளியில் 40 பி.பி.எம். அளவுக்கு இறங்கிவிடும். இந்த 40-ஐ நம்பகமாகப் பிடிக்கும் இன்ஃப்ராரெட் பகுப்பியோ, கார்பன் டைஆக்சைடை மீத்தேனாக மாற்றும் மெத்தனைசர் பொருத்திய கேஸ் குரோமட்டோகிராஃபோ கையில் இருக்கிறதா என்று சோதனையைத் திட்டமிடும்போதே பார்த்துவிட வேண்டும்.

படி 4: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு 100 மி.லி., மொத்த அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்று வைத்தால் கணக்கு எளிது, ஒரு மி.லி. ஒரு கிலோபாஸ்கலுக்குச் சமம். மோனாக்சைடை 1, 2, 4, 8 என்று மாற்றும்போது ஆக்சிஜன் 4-லேயே நிற்க, நைட்ரஜனை 95, 94, 92, 88 என்று குறையுங்கள். நைட்ரஜனைக் குறைக்க மறந்தால் மொத்த ஓட்டம் கூடி, ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் சத்தமில்லாமல் மாறிவிடும். அப்போது நீங்கள் அளப்பது எந்த ஒரு பொருளின் வினைவகையும் அல்ல.

ஏன் 1, 2, 3, 4 இல்லாமல் 1, 2, 4, 8? மடக்கை வரைபடத்தில் புள்ளிகள் சம இடைவெளியில் விழ வேண்டும் என்பதற்காக. வீச்சு எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு வேக அளவீட்டிலும் 5 சதவீதப் பிழை இருந்தால், 1-உம் 2-உம் மட்டும் எடுத்துக் கண்ட வினைவகையில் ±0.1 நிச்சயமின்மை இருக்கும். எட்டு மடங்கு வீச்சில் நான்கு புள்ளிகள் எடுத்தால் அது ±0.03 ஆகச் சுருங்கும்.

படி 5: சாய்வு

கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை. மோனாக்சைடு 1, 2, 4, 8 கிலோபாஸ்கலில் வேகம் முறையே 12.0, 6.3, 3.2, 1.6 (அலகு எதுவானாலும் சரி, சாய்வுக்கு அலகு தேவையில்லை). வேகத்தின் மடக்கையை நிலைக்குத்து அச்சிலும் அழுத்தத்தின் மடக்கையைக் கிடை அச்சிலும் வைத்தால் நான்கு புள்ளிகளின் சாய்வு ஏறக்குறைய −0.97.

இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். அடுத்தடுத்த சோடிகளையும் தனித்தனியே பாருங்கள்: 1-க்கும் 2-க்கும் நடுவே −0.93, அடுத்து −0.98, கடைசியில் −1.00. சாய்வு மெல்ல −1-ஐ நோக்கிப் போகிறது. மேலே சொன்ன சூத்திரப்படி, முதல் சோடியில் நிரம்பல் 0.96 அளவு, கடைசியில் முழுமை. ஒரே நேர்கோட்டை இழுத்து ‘ஆர் ஸ்கொயர் 0.999’ என்று எழுதினால் இந்த வளைவு மறைந்துபோகும். ஆனால் இந்த எண்களிலேயே சுவையான தகவல் அதுதான். 5 சதவீதப் பிழையில் இந்த வளைவைச் சத்தியம் செய்ய முடியாது என்பது உண்மை. மோனாக்சைடை 0.2, 0.5 என்று இறக்கியும் அளந்தால் தெளிவாகிவிடும்.

பிறகு மோனாக்சைடை நிறுத்திவைத்து ஆக்சிஜனை மாற்றி இதே வேலையை மறுபடியும் செய்யுங்கள். மோனாக்சைடு மூடிய பிளாட்டினத்தில் ஆக்சிஜனின் வினைவகை +1 அருகே வரும்.

படி 6: நாம் அளந்தது வேதியியலைத்தானா?

வினையூக்கித் துகளின் நுண்துளைக்குள் வாயு நுழைவதே மெதுவாக நடந்தால், அளப்பது வினையின் வேகமாக இருக்காது, நடைபாதையின் வேகமாக இருக்கும். துளைக்குள் விரவல் (வாயு பரவி நகர்வது) வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது பூஜ்ய வகை 0.5 ஆகவும் இரண்டாம் வகை 1.5 ஆகவும் தெரியும். முதல் வகை முதல் வகையாகவே தெரிவதால், விடை 1 என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கிளர்வு ஆற்றல் பாதியாகக் குறைந்து தெரிவது இன்னோர் அடையாளம். எதிர்க்குறி வினைவகையில் வேடிக்கை வேறு: துளைக்குள் மோனாக்சைடு குறைவாக இருப்பதால் உள்ளே வேகம் கூடி, விரவல் தடை இருந்தும் மொத்த வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகலாம்.

சோதிக்க எளிய வழி: வினையூக்கியைப் பொடித்துச் சலித்து இரண்டு துகள் அளவுகளில் அளங்கள். கிராமுக்கு வேகம் மாறாவிட்டால் துளைத் தடை இல்லை. இன்னும் கறாரான சோதனையை 1967-இல் கோரோஸும் நோவாக்கும் சொன்னார்கள். ஒரே தாங்கியில் (உலோகத் துகள்களைத் தாங்கும் திடப்பொருள்), பிளாட்டினத்தின் சிதறல் (மொத்த அணுக்களில் பரப்பில் தெரிபவற்றின் பங்கு) ஒரே அளவாக இருக்கும்படி, ஆனால் உலோக அளவு வேறாக இரண்டு வினையூக்கிகள் தயாரியுங்கள். பரப்பில் தெரியும் ஒரு பிளாட்டின அணுவுக்கான வேகம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் வெப்பத் தடையும் இல்லை, விரவல் தடையும் இல்லை. இதை இரண்டு வெப்பநிலைகளில் செய்வது நல்லது.

படி 7: விளைபொருளையும் கலந்து பாருங்கள்

பிளாட்டினத்தில் அம்மோனியா சிதையும்போது ஹைட்ரஜன் தடுக்கிறது என்று பார்த்தோம். விளைபொருள் தடுக்கும் வினையில், நுழைவாயில் வாயுவில் விளைபொருளே இல்லாமல் அளந்தால், படுகையின் தொடக்கத்தில் ஒரு வேகமும் முடிவில் வேறொரு வேகமும் இருக்கும். அதனால் தெரிந்த அளவு விளைபொருளை வேண்டுமென்றே சேர்த்து, அதன் வினைவகையையும் தனியே அளக்க வேண்டும். நம் வினையில் கார்பன் டைஆக்சைடு பிளாட்டினத்தை ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒருமுறை சேர்த்துப் பார்த்து, பூஜ்யம் என்று குறித்துவிட்டு நகரலாம்.

படி 8: எண்ணிலிருந்து வழிமுறைக்கு

இங்கேதான் அவசரம் ஆபத்து. மோனாக்சைடு −1, ஆக்சிஜன் +1 என்று வந்திருக்கிறது. எந்த வழிமுறை இதைத் தரும்?

ஆக்சிஜன் பிளந்து, சமநிலையில் ஒட்டி, பிறகு மோனாக்சைடோடு வினைபுரிகிறது என்றால் ஆக்சிஜனுக்கு 0.5 வர வேண்டும். வரவில்லை, இதை விலக்கலாம். ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு காலி இடங்கள் ஒருசேரக் கிடைத்தால்தான் ஒட்டும், அந்தப் படியே மெதுவானது என்றால் ஆக்சிஜனுக்கு +1 சரி, ஆனால் மோனாக்சைடுக்கு −2 வர வேண்டும். அதுவும் பொருந்தவில்லை. ஒரே ஒரு காலி இடத்தில் மூலக்கூறாக ஒட்டி, திரும்பிப் போகாமல் பிறகு பிளக்கிறது என்றால் −1, +1 இரண்டும் பொருந்தும். ஆக்சிஜன் மூலக்கூறாகச் சமநிலையில் ஒட்டி, ஒட்டிய மோனாக்சைடோடு வினைபுரிகிறது என்றாலும் அதே −1, +1 வரும்!

ஆக வினைவகை சில வழிமுறைகளை வெளியே தள்ளும். மிஞ்சியவற்றுள் எது உண்மை என்று அது தீர்ப்புச் சொல்லாது. அதற்கு இன்ஃப்ராரெட் நிறமாலையில் பரப்பைப் பார்ப்பது, ஐசோடோப்பு மாற்றிப் பார்ப்பது போன்ற வேறு சாட்சிகள் வேண்டும். கெர்ஹார்ட் எர்ட்டில் ஒற்றைப் படிகப் பரப்புகளில் இந்த வினையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். 2007 நோபல் பரிசுக்கு வழிசெய்த பணிகளுள் அதுவும் ஒன்று. வேக விதி ஒத்துப்போனதை வைத்து மட்டும் “வழிமுறை நிறுவப்பட்டது” என்று முடிக்கும் கட்டுரைகளைப் பார்த்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

வெப்பநிலையை ஏற்றியும் ஒருமுறை அளங்கள். மோனாக்சைடு பரப்பைவிட்டுக் கிளம்பத் தொடங்கும், நிரம்பல் குறையும், வினைவகை −1-இலிருந்து பூஜ்யத்தைக் கடந்து +1-ஐ நோக்கி ஏறும். குளிர்ந்த கார் கிளம்பும்போது முதல் நிமிடங்களில் அதிக மாசு வெளியேறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாட்டினத்தை மோனாக்சைடே மூடியிருக்கிறது. சூடு ஒரு எல்லையைத் தாண்டியதும் இடங்கள் காலியாகி, வேகம் ஏறி, அந்த வெப்பமே மேலும் இடங்களைக் காலிசெய்து, மாற்றம் திடீரென்று பற்றிக்கொள்ளும்.

வாயுக்குழாய் வசதி இல்லாதவர்களுக்கு

பல கல்லூரி ஆய்வகங்களில் செய்யக்கூடியது, 4-நைட்ரோஃபீனாலை அமினோஃபீனாலாக ஒடுக்கும் சோதனை. தங்கம் அல்லது வெள்ளி நானோத்துகள், மிகையளவு சோடியம் போரோஹைட்ரைடு, ஒரு நிறமாலைமானி. 400 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒளி உறிஞ்சலின் மடக்கைக்கும் நேரத்துக்கும் நேர்கோடு வரும், “போலி முதல் வகை” என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அந்த நேர்கோடு ஒற்றை ஓட்டத்தின் நேர்கோடு. நைட்ரோஃபீனாலின் தொடக்கச் செறிவை நான்கு மடங்கு வீச்சில் மாற்றிச் செய்யுங்கள். உண்மையான முதல் வகை என்றால் வேக மாறிலி மாறக் கூடாது. இந்த வினையில் அது செறிவு கூடக் கூடக் குறைவதைப் பார்க்கலாம், ஏனென்றால் நைட்ரோஃபீனாலும் போரோஹைட்ரைடும் ஒரே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. போரோஹைட்ரைடு கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கரையுங்கள், அது நீரில் தானாகவே சிதையும். ஹைட்ரஜன் குமிழிகள் ஒளியைச் சிதறடித்தால் அந்தப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் சில நேரம் எதுவும் நடக்காதது போலத் தெரியும். அந்தத் தாமதத்தைச் சாய்வுக்குள் சேர்க்காதீர்கள்.

எழுதும்போது

“வினைவகை −1” என்று மட்டும் எழுதாமல் இப்படி எழுதுங்கள்: “150 °செ, ஆக்சிஜன் 4 கிலோபாஸ்கல், மோனாக்சைடு 1 முதல் 8 கிலோபாஸ்கல் வரை, மாற்றம் 3 சதவீதத்துக்குள், மோனாக்சைடைப் பொறுத்த வினைவகை −0.97 ± 0.03.” கூடவே தாங்கி எது, பிளாட்டினத்தின் சிதறல் எவ்வளவு, அடிப்படை நிலைமைக்குத் திரும்பியபோது வேகம் எத்தனை சதவீதம் மாறியிருந்தது என்பதும் வேண்டும். மூல எண்களை அட்டவணையாகவே இணைத்துவிட்டால், வேறொரு வழிமுறையைச் சோதிக்க விரும்புகிறவர் உங்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.